வில்மருக்காக ஒரு மன்றாட்டு

பலெர்மோ
12.05.2025

என் அன்பு மகன் கொட்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. உன் உடம்புக்கும் மனதுக்கும் என்ன என்று அறியத்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

நேற்றுப் போனில் "ஓம் அம்மா", "இல்லை அம்மா" தவிர வேறொன்றும் உன் வாயிலிருந்து வரவில்லை. உன் பேச்சில் கிடைக்காதது எழுத்தில் கிடைக்கும் என்பது எனக்குப் பழைய அனுபவம். ஞாயிறுத் தமிழ்ப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எழும்பி நின்று பதில் சொல்வார்கள். நீ மட்டும் கொப்பியில் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடுவாய். ஆகவே அந்த வழிக்கே திரும்புவோம். நான் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே அனுப்பு. படம் பிடிக்க நானே பழகிவிட்டேன், அப்பாவின் உதவி தேவையில்லை.

உன் பேஸ்போல் ஆட்டத்தில் நடந்த அந்தக் காட்சியை அமலினி தன் போனில் காட்டினாள். செலஸ்ரீனாவின் மகள்தான், உனக்குப் பிறகு நான் படிப்பித்த பிள்ளைகளில் தமிழும் இத்தாலியும் ஒரே மாதிரிச் சுத்தமாக எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். மொழிபெயர்ப்பாளராக வரவேண்டும் என்று படிக்கிறாள். "ரீச்சர், பார்க்கப் பயமெண்டால் நிப்பாட்டுறன்" என்றாள். நான் முழுவதும் பார்த்தேன்.

நீ எறிகிறாய். மட்டையோடு நின்ற அந்தப் பிள்ளை விலகப் பார்க்கிறான். பிறகு தலைக்கவசம் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இரண்டு பக்கத்து ஆட்களும் ஓடி வருகிறார்கள். நீ ஓடவில்லை, மகன். எறிந்த இடத்திலேயே நின்று உன் கையுறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நீ கடற்கரைப் புல்வெளியில் எங்கள் பொடியன்களோடு கிரிக்கெட் விளையாடிய காலத்தில், உன் பந்து கை தவறிப் போய் ஒரு வங்காளப் பிள்ளையின் காதில் பட்டது. அன்று அவனுடைய தாயை முந்தி அவனிடம் ஓடிப் போனவன் நீ. கை தவறினால் நீ ஓடுகிறவன். இந்த முறை ஏன் நின்றாய்?

அப்பா தான் காவல் பார்க்கிற கட்டடத்து வாசலில் நின்று, வந்து போகிற சின்யோரா அம்மாக்கள் எல்லாருக்கும் "கை வழுக்கினது, மழை" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் ஓம் என்று தலையாட்டுகிறேன். எனக்கு மட்டும் உள்ளதை எழுது. நான் ஏச மாட்டேன்.

அந்தப் பிள்ளையின் பெயர் என்ன?

அன்பு முத்தங்களுடன்,
அம்மா அகஸ்ரீனா


புளோரிடா
16 மே

அன்புள்ள அம்மா,

சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சிவப்புப் பேனையைத் தள்ளி வையுங்கோ.

அவன் பெயர் வில்மர். போர்ட்டோ ரிக்கோக்காரன், என்னிலும் ஒரு வயது இளமை. கன்ன எலும்பு உடைந்துவிட்டது. தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இடது கண் மங்கலாகத் தெரிகிறதாம். அந்தப் பார்வை திரும்புமா என்று இன்னும் சொல்லவில்லை.

கேட்டீர்கள், எழுதுகிறேன். கை வழுக்கவில்லை.

அன்று முதலில் அவர்களுடைய ஆள் எறிந்த பந்து எங்கள் பொடியன் ஒருவனின் விலாவில் பட்டது. பேஸ்போலில் எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் ஆளை அடித்தால், நாங்கள் அவர்களில் ஒருவனை அடிக்க வேண்டும். யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். நான் களத்துக்குப் போகும்போது மனேஜர் என்னைப் பார்த்தார். பந்து பிடிக்கிறவன் தன் தொடையில் கையைத் தட்டினான். அவ்வளவுதான். முதுகில் எறிய வேண்டும், அதுதான் வழமை. கண்டல் வரும், எழும்பி நடப்பான், கணக்குத் தீரும். நான் முதுகைப் பார்த்துத்தான் எறிந்தேன், அம்மா. அவன் குனிந்து திரும்பினான். பந்து மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல். மேலே போய்விட்டது.

செய்யாமல் விட்டிருந்தால் என்ன என்று கேட்பீர்கள். இது சின்ன லீக், ஏணியின் அடிப்படி. எங்கள் எல்லாருடைய சட்டையிலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவனும் பக்கத்தில் இருக்கிறவனின் கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாதம் ஒருத்தன் காலையில் அறைக்குக் கூப்பிடப்பட்டு, பையோடு வெளியே வருகிறான். தன் ஆளுக்காக நிற்காதவன் என்று பெயர் வந்தால் என் பையும் வாசலுக்கு வந்துவிடும். விசாவும் அதோடு சரி. சிசிலியில் இருந்து வந்த தமிழன் ஒருவனை வைத்திருக்க வேண்டும் என்று இவர்களுக்கு என்ன கட்டாயம்?

லீக்கில் விசாரித்தபோது மழை ஈரத்தில் வழுக்கியது என்று சொன்னேன். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஜூலையில் என்னை மேல் படிக்கு அனுப்பும் யோசனை இருக்கிறதாம்.

இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். அப்பாவுக்கும் வேண்டாம்.

கொட்வின்


பலெர்மோ
26.05.2025

அன்பு மகன் கொட்வின்,

உன் கடிதத்தை முழங்காலில் இருந்து வாசித்தேன். உள்ளதை எழுதினாய். அதற்கு முதலில் உன் நெற்றியில் ஒரு முத்தம்.

ஏச மாட்டேன் என்று சொன்னேன், ஏசவில்லை. ஆனால் ஒரு ரீச்சர் கேட்காமல் இருக்க முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. காயப்பட்டவனுக்கு நாங்கள் என்ன செய்தோம்? மன்னார்ப் பேசாலையில் படிப்பித்த காலத்தில், ஒரு பொடியன் எறிந்த கல்லால் இன்னொருவனுக்குப் பல் போனது. எறிந்தவனின் தாய் அடுத்த ஞாயிறு, இன்னார் மகன் இன்னாருக்குச் செய்த பிழைக்காக என்று கோவிலில் பெயர் சொல்லிப் பூசை கேட்டாள். இரண்டு வீட்டாரும் ஒரே வாங்கில் இருந்தார்கள். பெயர் சொல்லாத மன்றாட்டு முகவரி எழுதாத கடிதம் மாதிரி என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. வில்மரின் தாய் இருக்கிற வாங்குக்கு என்னால் வர முடியாது. என்னால் முடிந்ததைச் செய்தேன்.

நேற்றுத் தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசிக்கிற முறை எனக்கு. கடைசி மன்றாட்டாக இதைச் சேர்த்தேன்: "என் மகன் கொட்வின் தெரிந்து எறிந்த பந்தினால் முகம் உடைந்து கிடக்கும் வில்மர் சுகம் பெறவும், அந்தப் பிழைக்காக என் மகனை அவர் மன்னிக்கவும், ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." தவறுதலாக நடந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லையே, மகன். அதனால் "தெரிந்து" என்பதை விட முடியவில்லை. அத்தனை சனமும் சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றபோது, வில்மரின் முகத்தில் அந்தச் சத்தம் போய்ப் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நான் ஆட்களுக்குச் சொல்லவில்லை, ஆண்டவருக்குச் சொன்னேன். ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள்.

அப்பாவும் அங்கேதான் தெரிந்துகொண்டார். பூசை முடிந்து வரும்போது பல்லாரோச் சந்தை முழுக்க என் முன்னால் நடந்தார். வீட்டுப் படியில் வைத்துத்தான் திரும்பினார்.

"உமக்கென்ன விசரே?"

"பிள்ளைக்காகத்தானே கேட்டனான்."

"எந்தப் பிள்ளைக்காக? பெத்த பிள்ளைக்கோ, ஆற்றையோ பிள்ளைக்கோ?"

"ரெண்டு பேருக்கும்."

"ரீச்சர் வேலையை எப்பவோ விட்டிட்டீர் எண்டு நினைச்சன்" என்றார். பிறகு தேத்தண்ணி போட்டு எனக்கும் ஒரு கோப்பை வைத்தார். அதனால் கோபம் பாதிதான்.

வழமைபோல அமலினி பூசையை வீடியோ எடுத்து எங்கள் கோவிலின் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று மன்றாட்டுகளை இத்தாலியிலும் கீழே எழுதுவாள். மன்னாரில் சித்தி பார்த்து அழுதாளாம்.

நீ வில்மரிடம் போ. ஒன்றும் சொல்ல வராவிட்டால் பழம் வாங்கிக்கொண்டு போ.

அன்பு அம்மா


புளோரிடா
3 ஜூன்

அம்மா,

முற்றத்தில் குரல் கொடுத்தால் பத்துப் பேருக்குக் கேட்கும். நீங்கள் குரல் கொடுத்தது முற்றத்தில் இல்லை.

இத்தாலியில் பேஸ்போல் செய்தி போடுகிற ஒருவன், என் பெயரைத் தேடிக்கொண்டிருந்தவன், அந்த வீடியோவைக் கண்டெடுத்தான். அமலினி எழுதிய வரி அப்படியே இருந்தது: என் மகன் தெரிந்து எறிந்த பந்து. அதை ஆங்கிலத்தில் போட்டான். இரண்டு நாளில் இங்கே எல்லாருடைய போனிலும் இருக்கிறது. எங்கள் பொடியன்கள் சாப்பாட்டு மேசையில் எனக்குக் கைகூப்பிக் காட்டுகிறார்கள். "உன் அம்மா எனக்காகவும் கொஞ்சம் வேண்டுவாவோ?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மனேஜர் சிரிக்கவில்லை. பந்து பிடிக்கிறவன் என் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டான்.

லீக் திரும்ப விசாரிக்கிறது. நான் சொன்னதையே சொன்னேன். தெரிந்து எறிந்தேன் என்று உறுதியானால் இந்த வருசம் முழுக்கத் தடை. என்னைப் போன்ற ஆளுக்குத் தடை என்றால் முடிவு. அடுத்த கிழமை உங்களைக் கூப்பிடுவார்கள். இத்தாலி பேசுகிற ஒருவரும் லைனில் இருப்பார்.

நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: தமிழில் நான் சாதாரணமாகத்தான் வேண்டினேன், அந்தப் பிள்ளை இத்தாலியில் எழுதும்போது பிழை விட்டுவிட்டாள். வேறொன்றும் வேண்டாம். அமலினி சின்னப் பிள்ளை, அவளை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை. தமிழ் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆட்டக்காரனும் இல்லை.

நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் பொய் சொன்னவனுக்கு அடி போடாமல், பக்கத்தில் இருத்தி வைத்துக் காத்திருப்பீர்கள். நான் பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வந்தவன். ஐந்து வருசமாகப் பஸ்ஸிலும் வாடகைக் கட்டிலிலும் படுத்து, இந்த ஒரு கையை மட்டும் வளர்த்திருக்கிறேன். இதைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது. காத்திருக்க நேரமில்லை, அம்மா.

அந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கோ.

கொட்வின்


பலெர்மோ
13.06.2025

அன்பு மகன்,

சொல்லிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அழைத்தார்கள். ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் கேட்டார், இன்னொருவர் அதை இத்தாலியில் சொன்னார். இருவரும் மிகவும் மரியாதையானவர்கள். நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை, கதிரை பக்கத்தில்தான் இருந்தது. அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். "உங்கள் மகன் தெரிந்து எறிந்ததாகச் சொன்னீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். "எழுதிய பிள்ளை பிழை விட்டுவிட்டாள். சின்னப் பிள்ளை." நன்றி சொன்னார்கள். உங்கள் மகனுக்கு நல்ல காலம் வரட்டும் என்று வாழ்த்தினார்கள். வைத்துவிட்டார்கள்.

அப்பா போய் மீன் வாங்கி வந்தார். நல்ல நாளில் வாங்குகிற மீன்.

இன்று காலை அமலினி வந்தாள். அந்தப் பேஸ்போல் செய்திப் பக்கத்தில், மொழிபெயர்ப்பில் தவறு என்று போட்டிருக்கிறார்களாம். அவளுடைய வகுப்பிலும் பார்த்துவிட்டார்கள். நான் எழுதிக் கொடுத்த மன்றாட்டுத் தாளையும் தன் கொப்பியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"ரீச்சர், நான் எங்கை பிழை விட்டனான்? சொன்னால் திருத்துவன்."

முப்பது வருசம் படிப்பித்திருக்கிறேன், மகன். எத்தனையோ கொப்பிகள். பிழை இல்லாத கொப்பியில் பிழை காட்டச் சொல்லி ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. "பிறகு பார்ப்பம் பிள்ளை" என்றேன். அவள் கெட்டிக்காரி. என் முகத்தைப் பார்த்தாள், தன் கொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் எழுதிய தாளை விட்டுவிட்டுப் போனாள்.

இனி மன்றாட்டு வாசிக்க வேறு ஆளைப் போடும்படி பூசை வைக்கிற சுவாமியிடம் சொல்லிவிட்டேன். தொண்டை சரியில்லை என்றேன். பார், இரண்டாவது பொய் எவ்வளவு இலேசாக வந்துவிட்டது. சமையலில் உப்புக் கூடினால் தண்ணீர் விடலாம், புளி விடலாம். ஆனால் கை ஒருமுறை கூட்டிப் போடப் பழகிவிட்டால் நாக்கும் அதற்கே பழகிவிடும். எனக்கு அந்தப் பயம் வந்துவிட்டது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். இனி மைதானத்தில் நடப்பதை எனக்கு எழுதாதே. தெரிந்தால் நான் யாருக்காவது சொல்லிவிடுவேன், அல்லது சொல்லாமல் மறைப்பேன். இரண்டுமே இனி என்னால் முடியாது. என்ன சாப்பிட்டாய், அங்கே மழையா வெயிலா, அதை மட்டும் எழுது. அதற்கு நான் எப்போதும் பதில் போடுவேன்.

நீ என் பிள்ளை. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

அம்மா


ஜோர்ஜியா
6 ஜூலை

அன்புள்ள அம்மா,

ஊர் மாறிவிட்டேன். புளோரிடாவை விட இங்கே வெயில் காய்ந்த வெயில். ஏன் மாறினேன் என்பது நீங்கள் எழுத வேண்டாம் என்று சொன்ன விசயம். அப்பாவுக்குப் போனில் சொன்னேன், சந்தோசப்பட்டார்.

காலையில் முட்டை, பகலில் கோழி, மாலையில் கோழி. சாப்பாடு முந்தியதை விட நல்லது. எனக்குத்தான் இறங்குவதில்லை.

கொட்வின்


பலெர்மோ
15.07.2025

அன்பு மகன்,

சிரோக்கோ அனல் காற்று வீசுகிறது. சுவரில் கை வைத்தால் அடுப்புச் சுவர் மாதிரி இருக்கிறது. நேற்று புனித ரொசாலியாவின் தேர் போனது. அப்பாவுக்குக் கால் வலி, ஆனாலும் போனோம். தர்ப்பூசணி வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். அமலினியின் தாய் செலஸ்ரீனா எங்களைக் கண்டு மற்றத் தெருவால் திரும்பினாள். அமலினி இப்போது வீடியோ எடுப்பதில்லை. மன்னாரில் சித்திக்குப் பூசை பார்க்கக் கிடைப்பதில்லையாம்.

சாப்பாடு இறங்காவிட்டால் இஞ்சி அவித்துக் குடி. வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்காதே.

அம்மா


கிசிமி, புளோரிடா
21 ஜூலை, திங்கள்

அன்புள்ள அம்மா,

காலநிலை: பஸ்ஸால் இறங்கியபோது இடியும் மழையும். நனைந்துகொண்டுதான் அந்த வீட்டு மணியை அடித்தேன். திங்களில் எங்களுக்கு ஆட்டம் இல்லை, அதனால் வந்தேன். வில்மர் இங்கே தன் தாயோடு இருக்கிறான்.

சாப்பாடு: அவனுடைய அம்மா சோறும் சிவப்பு அவரையும் சமைத்திருந்தார். பன்றி இறைச்சியும் இருந்தது. அடுப்பில் வேகும்போதே நான் யாரென்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. சாப்பிட உட்காருவதற்கு முதல் மற்றதையும் சொன்னேன், வழுக்கவில்லை என்று. தொடையில் தட்டியது, நான் முதுகைப் பார்த்தது, எல்லாம். எனக்கு வருகிற அரைகுறை ஸ்பானிஷில், கொஞ்சம் சிசிலிப் பேச்சில். அவர்களுக்கு விளங்கியது. வில்மர் எழும்பித் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். இடது பக்கக் கதவு நிலையில் தோள் இடித்துத்தான் போனான்.

நான் போவதற்கு எழும்பினேன். அவனுடைய அம்மா என்னைப் பார்க்காமலே ஒரு தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தார். மன்னிப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதோ தெரியாது. மழை பெய்கிறது, வந்தவனுக்குச் சோறு போடுகிறார், அவ்வளவுதானாக இருக்கலாம். நான் சாப்பிட்டேன், அம்மா. முழுவதும் இறங்கியது. கனநேரம் கழித்து வில்மரும் வந்து மேசையின் மற்ற முனையில் இருந்தான். அவரையை மசித்து மசித்து ஒரு பக்கத்தால் தின்றான். 

நாளை காலை லீக் அலுவலகத்துக்குப் போகிறேன். வரச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை, நானாகத்தான் கேட்டேன். அதற்குப் பிறகு நான் எந்த ஊரில் என்ன சாப்பிடுவேன் என்று தெரியாது. பெரும்பாலும் உங்கள் சமையலாகத்தான் இருக்கும். அப்பாவுக்கு நீங்கள் சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன்.

இந்தத் தாளுக்குப் பின்னால் இரண்டாவது படம் ஒன்று வரும். அது அமலினிக்கு. அவள் எழுதிய வரியில் ஒரு பிழையும் இல்லை என்று இத்தாலியில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவளுடைய வகுப்பில் காட்டலாம், அந்தப் பக்கத்திலும் போடலாம். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கோ.

பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது வில்மர் வாசல்வரை வந்தான். அவனும் அந்த அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தவன். என்னிடம் ஒன்றுதான் சொன்னான்: "அந்த அறை சரியான குளிர். தடிப்பான உடுப்புப் போடு."

போட்டுக்கொண்டு போகிறேன், அம்மா.

உங்கள் மகன்,
கொட்வின்